வளர்த்துக் கொடுக்கும் குட்டி: வழிகாட்டி நாய்களும் எம்மவர் வீடுகளும்

வெள்ளைக் கைபிடி பொருத்திய சேணத்துடன் நாயொன்று பார்வையற்ற ஒருவரைப் பேருந்துத் தரிப்பிடத்துக்கு அழைத்துச் செல்லும் காட்சியைப் பிரித்தானியாவில் வாழும் எம்மில் பெரும்பாலானோர் கண்டிருப்போம். ஒதுங்கி வழிவிட்டுவிட்டு எமது வேலையைப் பார்க்கப் போயிருப்போம். அந்த நாய் ஏதோவொரு பயிற்சிக்கூடத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, பாடம் படித்து வெளியே வந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதன் முதலாவது வயது முழுவதும் கழிவது ஒரு சாதாரண வீட்டில், சம்பளம் எதுவும் வாங்காத தொண்டர்களின் கையில்தான்.

எங்கள் வீடும் ஓராண்டுக்கு மேல் அப்படியொரு வீடாக இருந்தது. நாங்கள் இலண்டன் புறநகர் ஒன்றில் வாழும் குடும்பம். கணக்கு எழுதும் தொழில்தான் எங்கள் அடுப்பை எரிக்கிறது. வீட்டில் அம்மாவும் பிள்ளைகள் இருவரும் இருக்கிறார்கள். குட்டி வந்த நாளிலிருந்து உறவினரும் நண்பரும் எங்களிடம் கேட்ட கேள்விகள் கொஞ்சமல்ல. எவ்வளவு செலவு, வேலைக்குப் போகிறவர்கள் எப்படிச் சமாளிப்பது, கோவிலுக்குப் போகிற வீட்டில் நாயா, வளர்த்துவிட்டு எப்படிக் கொடுப்பது என்றெல்லாம் கேட்டார்கள். அந்தக் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் விடை சொல்லலாம் என்றே இதை எழுதுகிறோம்.

போரில் தொடங்கிய கதை

வழிகாட்டி நாய்களின் வரலாறு போரிலிருந்துதான் தொடங்குகிறது. முதலாம் உலகப்போரில் நச்சுவாயுவாலும் எறிகணைகளாலும் பார்வை இழந்த படையினர் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினார்கள். அவர்களுக்காக 1916 இல் ஜேர்மனியின் ஒல்டன்பேர்க் நகரில், மருத்துவர் ஸ்ராலிங் என்பவரின் முயற்சியால், உலகின் முதலாவது வழிகாட்டி நாய்ப் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. சுவிற்சர்லாந்தில் நாய்ப் பயிற்சி நிலையம் நடத்திவந்த டொரத்தி யூஸ்ரிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி இதைப் பார்த்து வியந்து, 1927 இல் அமெரிக்கப் பத்திரிகையொன்றில் கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரை, பார்வையற்ற மொரிஸ் ஃபிராங்க் என்ற அமெரிக்க இளைஞரின் காதுக்கு எட்டியது. அவர் சுவிற்சர்லாந்துக்குச் சென்று, 1928 இல் ஒரு நாயுடன் ஊர் திரும்பினார். அமெரிக்காவில் இந்தப் பணி அப்படித்தான் வேரூன்றியது.

பிரித்தானியாவில் முதல் நான்கு வழிகாட்டி நாய்கள் 1931 இல், லிவர்பூலுக்கு அருகிலுள்ள வொலசி என்ற ஊரில் பயிற்சி பெற்றன. நான்கும் அல்சேசன் பெட்டை நாய்கள். மியூரியல் குரூக், ரோசமண்ட் பொண்ட் என்ற இரு பெண்கள் இதற்குப் பின்னால் நின்றார்கள். 1934 இல் இது சங்கமாகப் பதிவானது. இன்று நாம் கைட் டோக்ஸ் என்று அறியும் தொண்டு நிறுவனம் இதுதான்.

எமக்குப் பிடித்த தகவல் ஒன்று இங்கே இருக்கிறது. 1933 இல் இந்த அமைப்பின் முதலாவது நிரந்தரப் பயிற்சியாளராக வந்தவர் நிக்கொலாய் லியாக்கொஃப். ரஷ்யப் பேரரசரின் காவற்படையில் அதிகாரியாக இருந்து, புரட்சிக்குப் பின் நாடு இழந்தவர். இந்த நாட்டில் பார்வையற்றோர் பல்லாயிரவரை வீதிக்குக் கூட்டிவந்த பணிக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவர் ஊர் திரும்ப முடியாத ஓர் அகதி.

ஏன் ஒரு வீடு வேண்டும்?

தொடக்க காலத்தில் பொதுமக்கள் கொடுத்த வளர்ந்த நாய்களைத்தான் பயிற்சிக்கு எடுத்தார்கள். அவற்றில் பெரும்பகுதி தேறவில்லை. ஒன்று வாகன இரைச்சலுக்கு ஒடுங்கும், இன்னொன்று பூனையைக் கண்டால் பாயும். குட்டியிலிருந்தே வீட்டில் வளர்த்தால் என்ன என்ற எண்ணம் 1956 இல் செயலுக்கு வந்தது. டெரிக் ஃபிரீமன் என்பவர் அதை முன்னின்று நடத்தினார். அதுமுதல் இன்றுவரை அந்த முறைதான்.

காரணம் எளிது. பிறந்து மூன்றாவது கிழமையிலிருந்து ஏறத்தாழ பதினான்காவது கிழமை வரை நாய்க்குட்டியின் மனம் திறந்திருக்கும் காலம். அந்த நாட்களில் பழகிய சத்தமும் மணமும் மனிதரும் அதற்கு ஆயுளுக்கும் இயல்பானவை. பழகாதவை பின்னர் அச்சமாக மாறும். பூட்டிய கூட்டில் வளரும் குட்டிக்குத் தூசியுறிஞ்சியின் இரைச்சலும் குழந்தையின் அழுகையும் தெரியாது. கடிதம் விழும் சத்தமும் தள்ளுவண்டியும் குடையும் தெரியாது. ஆகவே எட்டுக் கிழமையளவில் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து வளர்ப்புக் குடும்பத்திடம் கொடுக்கிறார்கள். பன்னிரண்டு முதல் பதினாறு மாத வயது வரை அது அங்கே வளரும்.

இதில் எம்மவர் வீடுகளுக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்வோம். குக்கர் விசில், மிக்சியில் சம்பல் அரைபடும் ஓசை, ஞாயிற்றுக்கிழமை பத்துப்பேர் ஒரே நேரத்தில் கதைக்கும் கதை, பிள்ளையின் மிருதங்கச் சாதகம் என்று எல்லாவற்றுக்கும் நடுவில் நித்திரைகொள்ளப் பழகிய குட்டி எந்தச் சந்தையிலும் கலங்காது. இவ்வளவு சத்தத்துக்கும் அசையாத குட்டியைக் கண்டு மாதாமாதம் வந்து பார்க்கும் ஆலோசகரே வியந்தார்.

வளர்ப்புக் குடும்பம் செய்யவேண்டிய வேலை என்ன?

வழிகாட்டும் வேலையை வளர்ப்புக் குடும்பம் சொல்லிக் கொடுப்பதில்லை. சேணம் பூட்டுவதும், தடைகளைச் சுற்றி அழைத்துச் செல்வதும், நடைபாதை விளிம்பில் நிற்பதும் பின்னர் தொழில்முறைப் பயிற்சியாளர்கள் சுமார் ஆறு மாதமோ அதற்குக் கூடவோ எடுத்துக் கற்பிப்பவை. நல்ல பிள்ளையை உருவாக்குவதுதான் எமது வேலை. பள்ளிக்கு அனுப்பமுன் பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக் கொடுப்பவற்றை எண்ணிப் பாருங்கள், அதுபோலத்தான்.

முதற் பாடம் மலசலம். நித்திரைவிட்டு எழும்பியதும், சாப்பிட்டதும், விளையாடியதும் தோட்டத்துக்குக் கொண்டுபோய், குட்டி இருக்கும்போது 'பிசி, பிசி' என்று ஒரே சொல்லைச் சொல்லவேண்டும். சில கிழமைகளில் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் இருக்கப் பழகிவிடும். இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பார்வையற்ற ஒருவர் தன் நாய் எங்கே, எப்போது இருக்கும் என்று தெரிந்தால்தான் துப்புரவாக்க முடியும். வீதியில் நினைத்த இடத்தில் இருக்கும் நாயுடன் அவர் வேலைக்குப் போக முடியாது.

அடுத்தது உணவு. தொடக்கத்தில் நாளுக்கு நான்கு வேளை, பிறகு மூன்று, பிறகு இரண்டு. அளந்துதான் கொடுக்கவேண்டும். விசில் ஊதியபின்னே கோப்பை நிலத்தில் வைக்கப்படும். அதனால் எந்தப் பூங்காவில் ஓடிக்கொண்டிருந்தாலும் விசில் சத்தத்துக்குத் திரும்பி வரும். சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு துண்டும் போகக்கூடாது. உணவகத்தில் ஒருவரின் காலடியில் ஒரு மணித்தியாலம் அமைதியாகக் கிடக்கவேண்டிய நாய்க்கு மேசையில் கேட்டுவாங்கும் பழக்கம் இருக்கக்கூடாது.

எம்மவர் வீடுகளில் இங்கே கூடுதல் கவனம் தேவை. வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு. எமது கறியில் இவை இல்லாத கறி எது? முந்திரிகைப் பழமும் அதன் வத்தலும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. பாயாசத்தில் போடும் பிளம்ஸ் ஒன்று கீழே விழுந்தாலும் உடனே பொறுக்கவேண்டும். சொக்லேட், சைலிட்டோல் சேர்த்த சீனியில்லாத சுவிங்கம், அவித்த கோழி எலும்பு எல்லாம் விலக்கு. 'பாவம், ஒரு வாய்தானே' என்று வரும் பெரியம்மாமாரையும் மாமாமாரையும் தடுப்பதுதான் எங்கள் வீட்டில் குட்டியைப் பழக்குவதைவிடக் கடினமாக இருந்தது.

மூன்றாவது, வெளியுலகம். தடுப்பூசிகள் முடியும்வரை குட்டியை நிலத்தில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டுபோய்ப் பேருந்து, தொடருந்து, பாடசாலை வாசல், சந்தை எல்லாவற்றையும் காட்டவேண்டும். ஊசி முடிந்தபின் நடத்திக் கூட்டிப்போகலாம். பயிற்சியில் இருக்கும் குட்டி என்று எழுதிய சிறு மேற்சட்டை போட்டுவிடுவார்கள். நகரும் படிக்கட்டு மட்டும் கூடாது, நகங்களும் விரல்களும் அகப்பட்டுவிடும். இலண்டன் சுரங்கத் தொடருந்தில் நகரும் படிக்கட்டில் நாயைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும் என்று விதியே இருக்கிறது. அதற்கென்று பயிற்சி பெற்ற உதவி நாய்களுக்கே விலக்கு.

கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கவேண்டும். நாளை அதன் கயிற்றைப் பிடிக்கப்போகிறவர் பேசும் மொழி அது. இதனால் எதிர்பாராத நன்மையொன்று விளைந்தது. இந்த நாட்டுக்கு வந்து பல ஆண்டுகளாகியும் வாசலைத் தாண்டி யாருடனும் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பேசாத எங்கள் அம்மா, குட்டிக்காகப் பத்துப் பன்னிரண்டு சொற்கள் படித்தார். எங்களுடன் நடைக்கு வரும்போது வீதியில் நாய் கொண்டுவரும் வெள்ளைக்காரப் பெண்கள் நின்று அவருடன் கதைக்கத் தொடங்கினார்கள். பதினைந்து வருடம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தும் பெயர் தெரியாமல் இருந்தவர்கள் அவர்கள். நிறுவனம் ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களை வைக்கும். அம்மாவுக்கு அந்தப் பெயர் நாவில் நுழையவில்லை. அவர் 'தம்பி' என்றே கூப்பிட்டார், குட்டி அதற்கும் திரும்பிப் பார்த்தது.

கணக்குப் பார்த்தால்

தொழில் காரணமாக எதையும் வரவு செலவாகப் பார்க்கும் பழக்கம் எங்களுக்கு. குட்டியின் உணவு, மிருக வைத்தியர், மருந்து, படுக்கை, கயிறு எல்லாவற்றையும் நிறுவனமே ஏற்கிறது. வளர்ப்புக் குடும்பம் கொடுப்பது நேரத்தையும் வீட்டையும்தான். கடித்துச் சேதமாக்கிய செருப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு மாத வயதளவில் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் காலத்தில் மேசைக்காலும் தப்பாது.

குட்டி எந்த நேரத்திலும் எமது சொத்தல்ல. அது நிறுவனத்துக்கு உரியது. ஐந்தொகையில் சொத்துப் பக்கத்தில் எழுத முடியாத, ஆனால் பொறுப்புப் பக்கத்தில் நிச்சயம் எழுதவேண்டிய ஒன்று என்று பிள்ளைகளுக்கு விளக்கினோம்.

ஒரு வழிகாட்டி நாயை உருவாக்கிக் கடைசிவரை பராமரிக்கப் பல்லாயிரம் பவுண் செலவாகிறது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி பொதுமக்களின் நன்கொடையும் மரணசாசனக் கொடைகளும்தான். நாயைப் பெறுபவரிடம் பல ஆண்டுகளாகப் பெயருக்கு 50 பென்ஸ் மட்டுமே வாங்கினார்கள், அது தர்மமாக வாங்கியதல்ல என்ற மதிப்பு அவருக்கு இருக்கவேண்டும் என்பதற்காக. 1964 இல் பிபிசியின் சிறுவர் நிகழ்ச்சியான புளூ பீற்றர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க, இந்நாட்டுப் பிள்ளைகள் பால்போத்தல் மூடிகளையும் வெள்ளித்தாள்களையும் சேர்த்து அனுப்பி வழிகாட்டி நாய்களுக்குப் பணம் திரட்டினார்கள். சிறு கைகள் சேர்ந்தே இந்தப் பணி வளர்ந்திருக்கிறது.

யார் முன்வரலாம்?

நாய் வளர்த்த அனுபவம் கட்டாயமில்லை. வாராந்த வகுப்பும் ஆலோசகரின் உதவியும் கிடைக்கும். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டிருக்கவேண்டும். குட்டி பாதுகாப்பாக இருந்துவரக்கூடிய வெளியிடம் வேண்டும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும். குட்டியை நீண்ட நேரம் தனியே விடக்கூடாது. நிறுவனத்தின் பயிற்சிக் குழு இயங்கும் இடத்துக்கு எட்டிய தூரத்தில் குடியிருக்கவேண்டும்.

கணவனும் மனைவியும் முழுநேர வேலைக்குப் போகும் வீடுகளில் இது கடினம். அவர்களுக்கு வேறு வழி உண்டு. வளர்ப்புக் காலம் முடிந்து தொழில்முறைப் பயிற்சியில் இருக்கும் நாய்கள் பகலில் பயிற்சியாளருடன் இருக்கும். மாலையிலும் சனி ஞாயிறிலும் தங்க அவற்றுக்கு வீடு வேண்டும். காலையில் கொண்டுபோய் விட்டு, மாலையில் கூட்டிவரவேண்டும். பிள்ளையைப் பாடசாலையில் விட்டுக் கூட்டிவருவது போலத்தான். வளர்ப்புக் குடும்பம் விடுமுறையில் போகும்போது சில நாள் பார்த்துக்கொள்ளும் தொண்டர்களும் தேவை. நாயே வேண்டாம் என்பவர்கள் பார்வையற்ற ஒருவருடன் கைகோர்த்துக் கடைக்கோ நடைக்கோ போய்வரும் தொண்டராகவும் பதிந்துகொள்ளலாம்.

அச்சமும் ஆசாரமும்

எம்மவர் பலருக்கு நாய் என்றால் பயம். காரணம் இல்லாமலில்லை. சோதனைச்சாவடியிலும் எல்லைகளிலும் மோப்ப நாய்களின் முன்னால் நின்றவர்கள் நாம். இன்னொரு பக்கம், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, வளவில் நின்ற நாயின் கட்டை அவிழ்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தவர்களும் எம்மில் இருக்கிறார்கள். அந்த நினைவுகளைச் சுமக்கும் ஒருவரிடம் நாய்க்குட்டி வளர்க்கச் சொல்வது இலேசான காரியமல்ல. வீட்டில் ஒருவர் மனம் ஒப்பாவிட்டாலும் இதை எடுக்கவேண்டாம் என்பதே எமது ஆலோசனை.

ஆசாரம் பற்றிக் கேட்பவர்களுக்குச் சொல்ல எம்மிடமே கதைகள் உண்டு. எங்கள் ஊர்களில் மூலைக்கு மூலை வைரவர் கோவில். வைரவருக்கு வாகனம் நாய். தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று நின்றவர் தருமர். குட்டியைச் சாமியறைக்குள் விடாமல் கதவுக்கு ஒரு சிறு தடுப்பு வைத்தோம், அவ்வளவுதான்.

வளர்ப்புக் குட்டியைக் கோவிலுக்குக் கூட்டிப்போகவேண்டிய தேவை இல்லை. பயிற்சியில் உள்ள குட்டிக்கு முழுத் தகுதி பெற்ற வழிகாட்டி நாய்க்குரிய சட்ட உரிமைகளும் இல்லை. எங்கு போனாலும் முன்கூட்டி அனுமதி கேட்பதே முறை. ஆனால் பார்வையற்ற பக்தர் ஒருவர் தனது வழிகாட்டி நாயுடன் எமது ஆலய வாசலுக்கு வந்தால் என்ன செய்வோம்? இதற்கு எமது ஆலய நிர்வாகங்கள் இப்போதே விடை வைத்திருக்கவேண்டும். 2008 இல் லெஸ்டர் நகரிலுள்ள ஒரு பள்ளிவாசல், பார்வையற்ற இளைஞர் ஒருவரின் வழிகாட்டி நாய் உள்ளே வர இடம் கொடுத்தது. அவர் தொழுகைக்குப் போகும்போது நாய் தங்குவதற்குத் தனியிடம் ஒதுக்கினார்கள். நாய் பற்றி எம்மைவிடக் கடுமையான ஆசாரம் உள்ள சமூகம் அது. செருப்பு விடும் மண்டபத்தில் ஒரு மூலையை ஒதுக்க எம்மால் முடியாதா?

கடை, உணவகம், ராக்சி

எம்மவரில் எத்தனையோ பேர் கடையும் உணவகமும் எரிபொருள் நிலையமும் நடத்துகிறார்கள், வாடகைக்கார் ஓட்டுகிறார்கள். அவர்கள் அவசியம் அறியவேண்டியது 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம். வழிகாட்டி நாயுடன் வரும் ஒருவரை 'நாய்க்கு இடமில்லை' என்று திருப்பி அனுப்பக்கூடாது. உணவு விற்கும் இடமென்பது அதற்குக் காரணமாகாது. ராக்சி ஓட்டுநர் நாயை ஏற்ற மறுப்பதும், அதற்கென்று மேலதிகப் பணம் கேட்பதும் குற்றம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1,000 பவுண் வரை தண்டம் விதிக்கலாம். ஒவ்வாமை போன்ற மருத்துவக் காரணம் இருந்தால், அனுமதிப்பத்திரம் வழங்கும் நகரசபையிடம் முன்கூட்டியே விலக்குச் சான்றிதழ் பெற்று வாகனத்தில் வைத்திருக்கவேண்டும். பயமோ சமய நம்பிக்கையோ விலக்காகாது.

வேலை செய்யும் நாயைக் கண்டால் தடவக்கூடாது, கூப்பிடக்கூடாது, தின்னக் கொடுக்கக்கூடாது. உதவி செய்ய விரும்பினால் நாயைப் பிடிக்காமல் மனிதரிடம் பேசிக் கேட்கவேண்டும். சேணத்தில் சிவப்பும் வெள்ளையும் கலந்திருந்தால் அவருக்குக் காதும் கேட்காது அல்லது குறைவாகக் கேட்கும் என்று பொருள். இன்னொன்று, நாய் வீதிச் சமிக்ஞை விளக்கைப் பார்த்துக் கடப்பதில்லை. சிவப்பையும் பச்சையையும் அது எம்மைப்போல் வேறுபடுத்திக் காணாது. விளிம்பில் நிற்பது நாயின் வேலை, வாகனச் சத்தத்தைக் கேட்டு எப்போது கடப்பது என்று முடிவெடுப்பது மனிதரின் வேலை. ஆபத்து வந்தால் மட்டும், 'முன்னே போ' என்றாலும் போகாமல் நிற்க நாய்க்குப் பழக்கியிருப்பார்கள்.

கொடுக்கும் நாள்

எல்லோரும் கேட்பது இதைத்தான். வளர்த்த குட்டியை எப்படிக் கொடுக்க மனம் வரும்? வராது. கொடுக்கத்தான் வேண்டும். எங்கள் மகள் முதல்நாள் இரவு குட்டியின் படுக்கைக்குப் பக்கத்தில் நிலத்தில் படுத்தாள். மகன் அறையை விட்டு வெளியே வரவில்லை. அம்மாதான் வாகனம் வரை போனார். எங்கள் அம்மா பிள்ளைகளை ஒவ்வொருவராக முகவரின் கையில் கொடுத்து அனுப்பியவர். அனுப்பிய பிள்ளை எந்த நாட்டில் நிற்கிறது என்று தெரியாமல் மாதக்கணக்கில் கடிதத்துக்குக் காத்திருந்தவர். அவர் சொன்னார்: "நான் அனுப்பினதுகளில இவன் ஒருத்தன்தான் எங்க போறான், என்னத்துக்குப் போறான் எண்டு எனக்குத் தெரியும்."

எல்லாக் குட்டியும் தேறுவதில்லை. உடல்நலம், குணம், கவனம் என்று பல காரணங்களால் சில விலக்கப்படுகின்றன. எங்கள் குட்டியும் வழிகாட்டியாகவில்லை. புறாக்களைக் கண்டால் அதன் கவனம் சிதறுவதைப் பயிற்சியாளர்களாலும் மாற்ற முடியவில்லை. ஆனால் பார்வை குறைந்த பிள்ளைகளுக்குத் தோழமை நாய் கொடுக்கும் திட்டமொன்றை அதே நிறுவனம் நடத்துகிறது. எங்கள் 'தம்பி' இன்று அப்படியொரு பிள்ளையின் வீட்டில் இருக்கிறான். அவன் வந்தபின் அந்தப் பிள்ளை தோட்டத்தில் தனியாக நடக்கத் தொடங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். பயிற்சியில் தேறும் நாய்கள் இரண்டு வயதளவில் வேலை தொடங்கி, பத்துப் பதினொரு வயதுவரை உழைத்து ஓய்வுபெறும். ஓய்வுபெற்ற நாய்களுக்கும் வீடு தேடுகிறார்கள்.

எமது வீடுகளில் இருப்பவர்கள்

குட்டி எங்கள் வீட்டில் நின்ற காலத்தில்தான், தெரிந்த குடும்பமொன்றின் பெரியவர் பற்றிக் கேள்விப்பட்டோம். நீரிழிவால் பார்வை போய், நான்கு வருடமாக மாடியறையை விட்டு இறங்காமல் இருந்தார். மருமகள் சாப்பாடு மேலே கொண்டுபோய்க் கொடுப்பார். கொண்டாட்டங்களுக்கு யாரும் அவரைக் கூட்டிவருவதில்லை. குட்டியைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தோம். அதன் காதைத் தடவிக்கொண்டு அவர் கேட்டார்: "இதை என்னைப்போல ஆக்களுக்கும் குடுப்பாங்களோ?"

கொடுப்பார்கள். முற்றாகப் பார்வை இழந்திருக்கவேண்டும் என்றில்லை. வயதுக்கு மேல் எல்லையும் இல்லை. நாயைப் பராமரிக்கவும் அதனுடன் நடக்கவும் உடல் இடம்கொடுக்கவேண்டும், பயிற்சிக்கு இணங்கவேண்டும். நாய் பொருந்தாதவருக்கு வெள்ளைப்பிரம்புப் பயிற்சி உண்டு. இந்தப் பெரியவருக்கு அதுதான் பொருந்தியது. இப்போது கீழே இறங்கி, வீதி முனை வரை போய்வருகிறார்.

அவரைப் போன்றவர்களுக்காகக் குடும்பத்தினர் செய்யக்கூடிய சில காரியங்களைக் கணக்காளராக இங்கே சொல்லிவைக்கிறோம். முதலில் கண் வைத்தியசாலையின் நிபுணரிடம் பார்வைக்குறைபாட்டுச் சான்றிதழ் கேளுங்கள். அதைக் கொண்டு நகரசபையின் பதிவேட்டில் பெயர் பதியலாம். கடும் பார்வைக்குறைபாடு என்று பதியப்பட்டவருக்கு வருமான வரியில் தனிக் கழிவு உண்டு. 2025-26 வரியாண்டுக்கு அது 3,130 பவுண். அவருக்கு வரி கட்டும் அளவு வருமானம் இல்லையென்றால் வாழ்க்கைத்துணைக்கு அந்தக் கழிவை மாற்றலாம். தொலைக்காட்சி அனுமதிக் கட்டணத்திலும் பாதி குறையும். எமது வாடிக்கையாளர்களில் உரியவர்கள் சிலர் இதை ஆண்டுக்கணக்கில் கேட்காமலே இருந்திருக்கிறார்கள். தகுதி இல்லாமலல்ல, வீட்டில் ஒருவருக்குக் கண் தெரியாது என்று வெளியே சொல்லக் கூச்சப்பட்டு.

தெற்காசியருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். நீரிழிவு விழித்திரையைக் கெடுக்கும்போது தொடக்கத்தில் எந்த அறிகுறியும் தெரியாது. நீரிழிவுள்ள பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இலவசக் கண் பரிசோதனைக்கு அழைப்புக் கடிதம் வரும். அந்தக் கடிதத்தைக் குப்பையில் போடாதீர்கள். பார்வை போகமுன் காப்பாற்றிக்கொள்வது எந்த நாயையும் பிரம்பையும்விட மேலானது.

குட்டி வளர்க்க விரும்புவோர் கைட் டோக்ஸ் நிறுவனத்தின் தொண்டர் பிரிவைத் தொடர்புகொண்டு, தமது பகுதியில் குட்டி வளர்ப்போர் தேவையா என்று கேட்கலாம். கனடா, அவுஸ்திரேலியா, பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே போன்ற நாடுகளிலுள்ள உறவுகளும் தத்தம் நாட்டில் இதுபோன்ற அமைப்புகளை விசாரிக்கலாம். விண்ணப்பித்த பின் வீடு பார்க்க வருவார்கள், கேள்விகள் கேட்பார்கள். அப்போது வீட்டிலுள்ள பெரியவர்களையும் கூடவே இருத்துங்கள். பகலில் வீட்டில் இருக்கப்போகிறவர்கள் அவர்கள்தான். குட்டியுடன் முதலில் சிநேகமாகப் போகிறவர்களும் அவர்கள்தான்.